அரைக் கட்டை

டுவெய்ன் ஹ்ரைச்சுக்கின் தொண்டைக்கு தண்டர் பே நகரத்தில் இருந்த மரியாதை மேயருக்குக்கூடக் கிடையாது. அந்தத் தொண்டைக்குச் சளி பிடித்தால் வெள்ளிக்கிழமை பாரில் கூட்டம் குறையும். அந்தத் தொண்டைக்கு எட்டாத உயரத்துக்கு எந்தப் பாட்டும் போகக் கூடாது. அதற்காகவே ஐலா கோர்பெலா பத்தொன்பது வருஷம் தன் கிட்டாரின் சுருதியை அரைக் கட்டை இறக்கி வைத்திருந்தாள்.

அது 1988இல் மெல் சிமோனெட்டியின் அப்பா கராஜில் ஆரம்பித்தது. மெல் டிரம்ஸ். கோர்டி என்று ஒருவன் பேஸ் கிட்டார். வாயைத் திறக்க மாட்டான். ஐலாவுக்கு அப்போது பத்தொன்பது வயது. அவள் கையில் ஒரு மெட்டு தயாராக இருந்தது. பதினைந்து வயதில், மார்ச் மாதத்தில், ஏரிக்கரையில் அவர்கள் குடும்பத்து சவ்னா என்கிற நீராவிக் குளியலறைக்குள் துண்டைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது வெளியே ஏரியின் உறைபனி பிளக்கிற சத்தம் கேட்டது. ஏரியின் அடிவயிற்றில் இருந்து கிளம்பி, கரை நெடுக ஓடி, எங்கோ உயரத்தில் போய் முறிகிற சத்தம். குளித்த ஈரம் காயும் முன்னே, தபாலில் வரவழைத்த மலிவு கிட்டாரை எடுத்து அதை வாசித்துப் பார்த்தாள். அடித்தந்தியை வெறுமனே அதிரவிட்டு அதன் மேலே படியேறுகிற மெட்டு. அதற்கு டுவெய்ன் வார்த்தை எழுதிக் கொண்டுவந்தான். பனி மூடிய சாலையில் மாட்டிக்கொண்ட ஒருவன் பனியை உருக்க உப்புத் தூவ வரும் லாரிக்காகக் காத்திருக்கிறான். நல்ல வார்த்தைகள்தான், அதைக் குறை சொல்ல முடியாது. பல்லவியின் உச்சிக்குப் போனபோதுதான் டுவெய்னின் குரல் பிசிறடித்தது.

"சுதி ரொம்ப மேல நிக்குது," என்றான். "எல்லாரும் அரைக் கட்டை இறங்குங்க."

"நீ கொஞ்சம் ஏறிப் பாரேன்," என்றாள் ஐலா.

"தொண்டைய மாத்த முடியுமா தங்கம்? தந்திய மாத்தலாம்."

"அரைக் கட்டைதானே, விடு," என்று மெல் சமாதானம் செய்தான். "யாருக்குத் தெரியப் போவுது?"

இறங்கினார்கள். ஐலா, சுருதி சரிபார்க்கும் தன் டியூனர் கருவியையும் பொத்தானைத் தட்டி அரைக் கட்டை கீழே மாற்றி, யாரும் கைபட்டு மாற்றிவிடாதபடி அந்தப் பொத்தான் மேல் கறுப்பு டேப்பை ஒட்டினாள். டேப் பழசாகிக் கல்லாக இறுகிவிட்டது. அப்படி ஒரு பொத்தான் இருப்பதே ஒரு கட்டத்தில் அவளுக்கு மறந்துபோனது. குழுவுக்கு 'டீசல் லூன்' என்று பெயர் வைத்தார்கள். 'உப்பு லாரி' பாட்டு 93இல் வானொலியில் ஏறியது. நெடுஞ்சாலை முழுக்க, கெனோராவிலிருந்து வாவா வரை, பனிக்காலத்தில் வண்டி ஓட்டிய யாரும் அதைக் கேட்காமல் தப்பவில்லை. ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் நம் ஆட்கள் கோல் போட்டால் இன்றைக்கும் அதுதான் அலறுகிறது.

ஆல்பத்தின் பின்னட்டையில் 'பாடல்களும் இசையும்: டுவெய்ன் ஹ்ரைச்சுக்' என்று அச்சாகி வந்தது. ஐலா அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக அவன் வீட்டுக்குப் போனாள்.

"வார்த்த என்னுது," என்றான் டுவெய்ன். "ட்யூன் எல்லாரும் சேந்து வாசிக்கறப்ப தானா வந்ததுதானே?"

"தானா வந்துச்சா? அப்ப நான் யாரு, தபால்காரியா? எங்கிருந்தோ வந்தத உங்கிட்ட குடுத்துட்டுப் போனேனா?"

"பேருல என்னடி இருக்கு? ஊருக்கே தெரியும் நீதான் கிட்டாருன்னு."

ஊருக்கு அது தெரியும். கிட்டார் வாசித்தது யார் என்று தெரியும். அந்த மெட்டைச் செய்தது யார் என்று தெரியாது. அன்றிலிருந்து ஐலாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். அச்சடித்த ஒரு தாளில், அந்த மெட்டுக்கு நேராக, 'இசை: ஐலா கோர்பெலா' என்று இருக்க வேண்டும். சின்ன ஆசைதான். ஆனால் சின்ன ஆசைகள்தான் ஆளை அரிக்கும். பனிக்காலத்தில் கண்ணாடிக் கதவுக்கு அடியில் வருகிற குளிர்மாதிரி, எத்தனை கம்பளம் போட்டு அடைத்தாலும் வந்துகொண்டே இருக்கும்.

2007இல் வாவாவில் ஒரு ஹாலுக்கு வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் விஷயம் வெடித்தது. டுவெய்னுக்கு வயதாகிக்கொண்டிருந்தது. தொண்டையும் அவனோடு சேர்ந்துதானே வயதாகும்?

"இன்னொரு அரைக் கட்டை இறக்கலாமா?" என்று, ஏதோ உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்கிறவன் போலக் கேட்டான்.

ஐலா இறக்கிப் பார்த்தாள். அடித்தந்தி தொளதொளவென்று கிட்டார் கழுத்திலுள்ள ஃப்ரெட் கம்பிகளில் மோதியது.

"இதுக்குப் பேரு கிட்டார் இல்ல டுவெய்ன், துணி காயப்போடற கொடி."

"எனக்கு வயசாவுதுல்ல?"

"எனக்கு மட்டும் இறங்குதா? கேட்டுக்கோ. ஒரு தடவ இறங்கினேன். இதுக்கு மேல ஒரு நூல் இறங்க மாட்டேன்."

"நீ இல்லன்னா நாங்க நின்னுடுவோம்னு நெனப்பா?"

"நிக்காதீங்க. நல்லாப் போங்க. நான் பஸ்ல வீட்டுக்குப் போறேன்."

கிட்டாரைப் பெட்டியில் போட்டு, தெருமுனைக் கடையில் ஒரு காபியை வாங்கிக்கொண்டு, மதியம் வந்த நெடுந்தூரப் பஸ்ஸில் ஏறிவிட்டாள். மெல் மட்டும் பின்னாலேயே ஓடிவந்து ஜன்னலைத் தட்டி, "உன் ஆம்ப் ஸ்பீக்கர என்ன பண்றது?" என்று கேட்டான். "நீயே கொண்டுவந்து இறக்கு," என்றாள். கொண்டுவந்து இறக்கினான். அவன் நல்லவன், முதுகெலும்பு மட்டும்தான் கொஞ்சம் மெத்தென்று அமைந்துவிட்டது.

ஊர் அவளைத்தான் திட்டியது. அரைக் கட்டைக்காக ஒரு பேண்டை உடைப்பாளா ஒருத்தி? ஐலா யாரிடமும் விளக்கம் சொல்லப் போகவில்லை. பள்ளிக்கூடப் பஸ் ஓட்ட உரிமம் எடுத்தாள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் மறுபடி பிற்பகல் இரண்டரைக்குத்தான் வேலை. நடுவில் இருக்கிற ஆறு மணி நேரத்துக்கு அவளே ராணி. பஸ்ஸின் எஞ்சின் குளிரில் உறையாதபடி சூடேற்றும் வயரைச் சொருகிவிட்டு, ஓட்டுநர்கள் அறையில் கிட்டாரோடு உட்காருவாள்.

தனியாக வாசிப்பது என்றால் முதலில் தனியாக இருப்பதைப் பழக வேண்டும். மறைந்துகொள்ளப் பாட்டு இல்லை, பின்னால் டிரம்ஸ் இல்லை, தப்பாக வாசித்தால் மெல்லை முறைக்க முடியாது. ஒரு வருஷம் அவளுக்கு அழுகையாகத்தான் வந்தது. பிறகு ஒரு மே மாதம், பனியில் கல் தள்ளி ஆடும் கர்லிங் விளையாட்டு அரங்கில் பனித்தளத்தை உருக்கிவிட்ட பிறகு, அந்தக் காலிக் கொட்டகைக்குள் ஆம்ப்பை இழுத்துக்கொண்டு போய் ஒன்பது உருப்படிகளைப் பதிவு செய்தாள். ஒரு சுரத்தைத் தட்டினால் அது சுவர்வரை போய்த் திரும்பி வர நேரமாகும். அந்த நேரத்தை வைத்தே இசையமைத்தாள். அந்த ஆல்பத்தில் பின்னட்டை, முன்னட்டை, முதுகு மூன்றிலும் அவள் பெயர்தான். வாங்கியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்பது வேறு கதை.

அதற்குப் பிறகு உள்ளூர் நாடகக்காரர்கள் கூப்பிட்டார்கள். படகு கட்டுகிறவர்களைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தவர்கள் கூப்பிட்டார்கள். சனிக்கிழமைச் சந்தையில் பன்றி இறைச்சிக் கடைக்கும் தேன் கடைக்கும் நடுவில் வாசித்தாள். எங்கே வாசித்தாலும் ஒரு குரல் எழும்பும்: "உப்பு லாரி போடு!"

"உப்பு லாரி நெடுஞ்சாலை டிப்போவுல இருக்கு," என்பாள் ஐலா. "போன் நம்பர் தரட்டா?"

ஏழு வருஷம் அந்த மெட்டை அவள் தொடவில்லை. வெளியில்தான் தொடவில்லை. வீட்டில் விரல்கள் தாமாக அங்கே போய் நிற்கும். நின்றதும் கிட்டாரைக் கீழே வைத்துவிடுவாள்.

2014இல் ஃபெர்ன் டலேர் அவளைத் தேடி ஓட்டுநர்கள் அறைக்கே வந்தாள். ஃபெர்ன் உயர்நிலைப் பள்ளியில் இசை ஆசிரியை. துறைமுகத்து மக்கள் இசைக்குழுவை நடத்துகிறவள். அதில் சம்பளக்காரர் யாரும் கிடையாது. வயலின்காரர்களில் பாதிப் பேர் வாத்தியார்கள், மீதிப் பேர் காகித ஆலையில் வேலை பார்த்தவர்கள். ஓபோ என்கிற குழலை ஊதுகிறவள் தபால்காரி ஜொயான். டிராம்போன் ஊதுகிறவர் பல் டாக்டர் லோய்ட் மக்கின்ட்டயர், அவரே கமிட்டித் தலைவர். எங்கள் ஊரில் பாதிப் பேர் அவருக்கு முன்னால் வாயைத் திறந்திருக்கிறார்கள். அவரை எதிர்த்து வாயைத் திறந்தவர்கள்தான் குறைவு.

"குழுவுக்கு இருபத்தஞ்சாவது வருஷம்," என்றாள் ஃபெர்ன். "கிட்டாருக்கும் எங்களுக்கும் சேத்து ஒண்ணு எழுதுங்க. இருபது நிமிஷம்."

"எனக்கு நோட்டு படிக்கவே தெரியாதுங்க."

"எழுதத் தெரிஞ்சா போதும். படிக்கறது எங்க தலையெழுத்து."

அந்தக் குளிர்காலம் முழுக்க எழுதினாள். அவளுக்குத் தெரிந்த முறை ஒன்றுதான்: எந்தத் தந்தி, எத்தனாவது ஃப்ரெட் என்று நோட்டுப் புத்தகத்தில் எண்களாகப் போடுவது. ராக் கிட்டார்காரர்கள் எல்லாரும் அப்படித்தான். வயலினுக்கு, குழலுக்கு, டிராம்போனுக்கு எல்லாவற்றுக்கும் கிட்டாரிலேயே யோசித்து எண் போட்டாள். செவ்வாயும் வியாழனும் நூலகத்துக் கணினியில் அந்த எண்களைத் தட்டினால், மென்பொருள் அவற்றை முறையான நோட்டாக மாற்றிக் கொடுத்தது. முதல் நாளே அது ஒரு கேள்வி கேட்டது: தந்திகளின் சுருதி என்ன? ஐலா அதைப் படிக்காமலே தாண்டிப் போனாள். தன் தந்திகள் உலகத்தின் தந்திகளைவிட அரைக் கட்டை கீழே இருக்கின்றன என்பது அவள் நினைப்பிலேயே இல்லை. இருபத்தாறு வருஷம் அவள் காதுக்கு அதுதான் உலகம். கணினி வாசித்துக் காட்டியபோது கொஞ்சம் பளிச்சென்று கேட்டது. நூலகத்து ஸ்பீக்கர் மட்டம் என்று நினைத்துக்கொண்டாள்.

'மார்ச் பனி' என்று பெயர் வைத்தாள். இருபத்திரண்டு நிமிஷம். கடைசி ஐந்து நிமிஷத்தில் அந்த மெட்டு வந்தது. அவள் கூப்பிடவில்லை, ஏரியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் அது வராமல் வேறு எது வரும்? ஏழு வருஷப் பிடிவாதத்தை அந்த இடத்தில் விட்டாள். என் மெட்டை நானே தீண்டாமல் வைத்திருந்தால் அது அவனுடையது என்று நானே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகாதா என்று தோன்றியது.

போஸ்டர் வந்தது. அதில் டுவெய்னின் முகம் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இருந்தது. 'டீசல் லூன் புகழ் டுவெய்ன் ஹ்ரைச்சுக் மீண்டும் மேடையில்! உப்பு லாரி!' என்று கொட்டை எழுத்து. அடியில், எறும்பு ஊர்கிற அளவில், 'ஐலா கோர்பெலாவுடன்.'

ஐலா பல் ஆஸ்பத்திரிக்கே போய், காத்திருந்தவர்களைத் தாண்டி உள்ளே நுழைந்தாள்.

"கடைசில அந்த ட்யூன் வருதுன்னு ஃபெர்ன் சொன்னா," என்றார் லோய்ட், கையில் ஊசியோடு. "ட்யூன் வந்தா டுவெய்ன் வராம எப்படி? அறுநூறு சீட்டு நெரம்பணும்ல?"

"அது யாரு ட்யூன்னு தெரியுமா உங்களுக்கு?"

"உங்க ரெண்டு பேரு சண்டைல நான் எதுக்கு? மேடைல வந்து நின்னு பாடிட்டுப் போறான். உங்களுக்கு என்ன கொறஞ்சிடும்?"

நாற்காலியில் வாயைத் திறந்தபடி படுத்திருந்த ஆள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். ஐலா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். நிகழ்ச்சித் தாளில், அந்தப் பாட்டு உட்பட, இசை: ஐலா கோர்பெலா. லோய்ட் டுவெய்னிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். என் பெயரைப் போட அவனிடம் கேட்க வேண்டுமாம். காரில் உட்கார்ந்து அந்தக் கோபம் அடங்கும்வரை ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

முதல் ஒத்திகை பள்ளி அரங்கில், சாயங்காலம் நாலரைக்கு. ஜொயான் ஓபோவில் ஒரு நீளச் சுரம் ஊதினாள். நாற்பது பேரும் அதற்குத் தங்கள் வாத்தியங்களைச் சேர்த்தார்கள். ஐலா மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். அது ஏதோ இவர்கள் சம்பிரதாயம், சாப்பாட்டுக்கு முன்னால் ஜெபம் சொல்வதுபோல என்று நினைத்தாள். அவள்தான் வீட்டிலேயே டியூனரை வைத்துச் சரிபார்த்துக்கொண்டு வந்திருந்தாளே.

ஃபெர்ன் கையை இறக்கினாள். வயலின்கள் புறப்பட்டன. மூன்றாவது வரியில் ஐலா சேர்ந்தாள். அப்படி ஒரு சத்தத்தை அந்த அரங்கம் கேட்டதில்லை. இரண்டு பனிவண்டிகள் ஒரே சந்தில் மோதிக்கொண்ட மாதிரி இருந்தது. டிராம்போனை இறக்கிவிட்டு லோய்ட் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"யாரோ தப்பா வாசிக்கிறாங்க," என்றாள் ஐலா.

நாற்பது பேரும் அவளையே பார்த்தார்கள். கடைசியில் ஜொயான்தான் சொன்னாள்: "நாங்க நாப்பது பேரு. நீங்க ஒருத்தரு."

ஃபெர்ன் இறங்கிவந்து அவள் கிட்டாரின் அடித்தந்தியைச் சுண்டினாள். பிறகு பியானோவில் ஒரு கட்டையைத் தட்டினாள்.

"இரண்டரைக் கட்டைல இருக்கு. எங்க தாள்ல மூணு கட்டை போட்டிருக்கு. எதுக்கு இறக்கி வெச்சிருக்கீங்க?"

ஐலாவுக்கு முகம் கொதித்தது. எதற்கு இறக்கி வைத்திருக்கிறாய்? எத்தனை எளிமையான கேள்வி! அவனுக்காக இறக்கினேன். அவனை விட்டு ஏழு வருஷம் ஆகிறது. ஏற்ற மறந்துவிட்டேன். தனியாள், தனி ஆல்பம், தனிப் பெயர் என்று மார்தட்டிக்கொண்டு நடந்த ஏழு வருஷமும் அவள் டுவெய்னின் தொண்டைக்குத்தான் வாசித்திருக்கிறாள்.

"ஏத்தறேன்," என்றாள்.

டியூனரின் டேப்பைப் பல்லால் பிய்த்து, பொத்தானைப் பழைய இடத்துக்கு மாற்றினாள். தந்திகளை முறுக்கினாள். மூன்றாம் தந்தி படீரென்று அறுந்து அவள் மணிக்கட்டில் ஒரு கோடு போட்டது. புதுத் தந்தி மாட்டி மறுபடி முறுக்கினாள். ஜொயானைப் பார்த்து, "இன்னொரு தடவ அத ஊதுங்க," என்றாள். இந்த முறை எல்லாரோடும் சேர்ந்து அவளும் அந்தச் சுரத்துக்குத் தன் தந்தியைச் சேர்த்தாள்.

கடைசி ஐந்து நிமிஷத்துக்கு வந்தபோது மெட்டு எழுந்தது. அடித்தந்தியை வெறுமனே அதிரவிட்டாள். வயலின்களின் வெறுந்தந்திகளும், யாரும் தொடாமலே, அதோடு சேர்ந்து அதிர்ந்தன. பதினைந்து வயதில் சவ்னாவில் கேட்டது இதுதான். இந்த உயரத்தில்தான் அது பிறந்தது. இத்தனை காலமும் அவள் வாசித்தது அதன் மேல் கம்பளி போர்த்திய சத்தம். அழுதுகொண்டே வாசித்தாள், மறைக்கவில்லை. இது என்னுடையது, இது என்னுடையது என்று ஒவ்வொரு தட்டுக்கும் மனம் அடித்துக்கொண்டது.

அடுத்த வாரம் டுவெய்ன் வந்தான். தோல் ஜாக்கெட், சாயம் பூசிய முடி, தொண்டைக்கு மஃப்ளர். கூடவே, துணைக்கு என்று சொல்லிக்கொண்டு, மெல். வயலின் வாத்தியார்கள் வரிசையில் நின்று டுவெய்னோடு படம் எடுத்துக்கொண்டார்கள். அவனும் எல்லாருடைய தோளிலும் கைபோட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் கெட்டது எதுவும் கிடையாது என்பதுதான் ஐலாவின் நிரந்தரத் தொல்லை.

பல்லவிக்கு வந்தான். உச்சிக்குப் போனான். குரல் குளிரில் ஸ்டார்ட் ஆகாத வண்டிபோல இரண்டு தடவை இருமி நின்றுவிட்டது.

"நிறுத்துங்க நிறுத்துங்க. சுதி மாறியிருக்கு. ஐலா, நீ எங்க நிக்கற?"

"மூணு கட்டை. பொறந்த எடத்துல."

"நம்ம பழைய சுதிக்கு வா."

"நம்ம சுதி இல்ல அது. உன் சுதி."

லோய்ட் ஃபெர்னைப் பார்த்தார். ஃபெர்ன் தலையை ஆட்டினாள். "அரைக் கட்டை இறக்கினா எங்க தாள்ல ஆறு இறக்கக் குறி வரும். விரல் வெக்காம வாசிக்க ஒரு வெறுந்தந்தி மிஞ்சாது. எட்டு நாள்ல இவங்களால முடியாது. என்னாலயே முடியாது."

"அப்ப ஒண்ணு பண்ணலாம்," என்றார் லோய்ட். "அந்தக் கடசிப் பகுதிய வெட்டிடுங்க. முன்னாடி பதினேழு நிமிஷம் நாம வாசிப்போம். அப்புறம் நீங்களும் டுவெய்னும் மட்டும், பழைய மாதிரி, இறக்கி வெச்ச கிட்டாரோட. ஜனங்க அதுக்குத்தானே வராங்க?"

ஐலா பதில் சொல்லும் முன் டுவெய்ன் அவளைத் தனியாக ஒரு ஓரத்துக்குக் கூட்டிப்போனான். மெல்லும் பின்னாலேயே வந்தான்.

"இத பாரு," என்றான் டுவெய்ன், குரலைத் தணித்து. "அந்தத் தாளு விஷயம் லோய்ட் சொன்னாரு. போட்டுக்கோ. இசை ஐலா கோர்பெலா. நான் கையெழுத்தே போட்டுத் தரேன், இந்தப் பாட்டு உன் ட்யூன்னு. இருபது வருஷமா கேட்டல்ல? எடுத்துக்கோ. நீ அரைக் கட்டை இறங்கு, அவ்வளவுதான்."

ஐலா இத்தனை வருஷமாகக் கேட்டது கையில் வந்து நிற்கிறது. மெல் அவள் தோளைத் தொட்டு, "ஒத்துக்க ஐலா. அரைக் கட்டைதானே. யாருக்குத் தெரியப் போவுது?" என்றான்.

"எனக்குத் தெரியும்டா," என்றாள் அவள். "இருபத்தாறு வருஷமா எல்லாரும் இதயே சொல்றீங்க, யாருக்குத் தெரியப் போவுது, யாருக்குத் தெரியப் போவுதுன்னு. எனக்குத் தெரியும்னு ஒருத்தனுக்காவது தோணிச்சா?" டுவெய்ன் பக்கம் திரும்பினாள். "நீ குடுத்து நான் வாங்கினா அது உன்னுதுன்னு ஆயிடும். என் பேர எனக்கு நீ யாருடா குடுக்க? உன் கையெழுத்த நீயே வெச்சுக்கோ."

"அப்ப நான் பாட மாட்டேன்."

"பாடு. யாரு வேணாம்னா? ஏறி வந்து பாடு."

"என்னால முடியாதுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்," என்றாள் ஐலா. "அதுக்கு நான் வருத்தப்படறேன். ஆனா இறங்க மாட்டேன்."

திரும்பிவந்து லோய்டிடம் சொன்னாள்: "இருபத்திரண்டு நிமிஷமும் மூணு கட்டைல. இல்லன்னா ஒரு நிமிஷமும் இல்ல. போஸ்டர உங்க இஷ்டப்படி கிழிச்சுக்கோங்க."

லோய்ட் வாயைத் திறந்தார். அதற்குள் ஜொயான் ஓபோவை எடுத்து அந்த நீளச் சுரத்தை ஊத ஆரம்பித்துவிட்டாள். யாரும் கேட்காமலே ஊதினாள். ஒரு வயலின் சேர்ந்தது. பிறகு இன்னொன்று. தபால்காரி பல் டாக்டரை நேராகப் பார்த்துக்கொண்டே, மூச்சு தீரும்வரை ஊதினாள். கடைசியில் லோய்டும் டிராம்போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கச்சேரி ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு. அரங்க வாசலில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள்: தொண்டைக் கோளாறு காரணமாகத் திரு. ஹ்ரைச்சுக் பாடமாட்டார். இதைவிட உண்மையான அறிவிப்பு எங்கள் ஊரில் ஒட்டப்பட்டதில்லை. கொஞ்சம் பேர் முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மற்றவர்கள் கோட்டைக் கழற்றிக்கொண்டு உள்ளே வந்தார்கள். வந்தாயிற்று, இனி பனியில் திரும்பிப் போவானேன் என்று. மூன்றாவது வரிசையில், மெல்லுக்குப் பக்கத்தில், மஃப்ளரோடு டுவெய்ன் உட்கார்ந்திருந்தான். அவன் வராமல் இருந்திருக்கலாம். வந்தான்.

நிகழ்ச்சித் தாளில் 'மார்ச் பனி. இசை: ஐலா கோர்பெலா' என்று இருந்தது. யாரிடமும் எழுதி வாங்காமலே இருந்தது. ஐலா அதை ஒரு தடவைதான் பார்த்தாள். இத்தனை வருஷம் ஏங்கியது இவ்வளவு சின்ன எழுத்திலா இருக்கும் என்று சிரிப்பு வந்தது. மடித்துக் கிட்டார் பெட்டிக்குள் போட்டுவிட்டு மேடைக்குப் போனாள்.

பதினேழு நிமிஷம் அரங்கம் பெரியவர்களிடம் காட்டும் அமைதியோடு கேட்டது. மெட்டு எழுந்ததும் அமைதி குலைந்தது. முன்வரிசையில் ஒரு பெண் மெல்ல ஆரம்பித்தாள். யாரும் பாடச் சொல்லவில்லை, யாரும் கையசைக்கவில்லை. பத்துப் பேர், ஐம்பது பேர், பிறகு மொத்த ஊரும் உப்பு லாரியை எதிர்பார்த்துப் பாடத் தொடங்கியது. இருபது வருஷம் ஹாக்கி அரங்கில் கத்திப் பழகிய தொண்டைகள். பல்லவியின் உச்சி வந்தது. அத்தனை தொண்டைகளும் ஒன்றாகப் பிசிறடித்தன. ஒரு கணம் திகைத்து, எல்லாரும் வெடித்துச் சிரித்தார்கள். சிலர் ஐலாவைப் பார்த்து, கொஞ்சம் இறக்கேன் என்பதுபோல உள்ளங்கையைக் கீழே அமர்த்திக் காட்டினார்கள்.

ஐலா தலையை ஆட்டி மறுத்தாள். கட்டை விரலால் மேலே காட்டினாள்: ஏறி வாங்க.

இரண்டாவது தடவை பல்லவி வந்தது. அத்தனை பேரும் கால் விரலில் எம்பி நின்று கத்தினார்கள். பாதிப் பேருக்கு எட்டியது, பாதிப் பேருக்கு எட்டவில்லை. அந்தக் கூச்சலுக்கு அடியில் ஐலாவின் காதுக்குப் பழகிய ஒரு குரல் கேட்டது. அது உச்சியை முயலவில்லை. அதே சுரத்தை ஒரு முழு ஸ்தாயி கீழே, தன் வயதுக்குத் தகுந்த இடத்தில் நின்று, நிதானமாகப் பாடியது. டுவெய்ன் எழுந்து நின்றிருந்தான். மஃப்ளரைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். எந்தப் பிசிறும் இல்லாமல், கல்மாதிரி, அவளுடைய சுருதிக்குள் பாடினான்.

இத்தனை காலமும் அவனுக்கு இது முடிந்திருக்கிறது. மற்ற எல்லாரையும் இறக்கியவன், தானும் இறங்கலாம் என்று யோசித்ததே இல்லை. ஐலாவுக்கு ஒரே நேரத்தில் அவனை அறைய வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் கை ஒழியவில்லை. அடித்தந்தியை வெறுமனே அதிரவிட்டாள்.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் அவன் வந்து நின்றான். கையில் நிகழ்ச்சித் தாள்.

"இன்னும் ஒரு தடவ வாசிக்கறப்ப கூப்பிடு," என்றான். "கீழயே பாடறேன்."

"பாக்கலாம்," என்றாள் ஐலா, கிட்டாரைப் பெட்டியில் வைத்துக்கொண்டே. "ஆனா சுதி நான்தான் சொல்வேன்."